இருபத்தொரு நாள் ஊசி

தையல்நாயகிக்குப் பொய் ஒன்றும் புதிதல்ல. மகள் ஜெயத்தைக் கட்டிக்கொடுத்த இரண்டு வருடமாக, இருபத்தொரு நாளைக்கு ஒன்று வீதம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

பத்து வயதில் ஜெயத்துக்கு முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்தது. போகும்போது அது இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி போட்டே ஆகவேண்டும், விட்டால் வால்வு இன்னும் கெடும் என்று திண்டிவனத்து டாக்டர் சொல்லியிருந்தார். பெண் கேட்டு வந்தவர்களிடம் இதைச் சொன்னால் எவன் கட்டுவான்? சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஆடி, கிருத்திகை, குலதெய்வப் படையல் என்று ஏதாவது சாக்குச் சொல்லி மகளைத் திண்டிவனத்துக்கு வரவழைத்து, ஊசி போட்டு அனுப்பினாள். முகையூரில் இருக்கும் சம்பந்தி கோவிந்தம்மாள் முணுமுணுத்தாள். “எங்க ஊருக்கு வராத பண்டிகையெல்லாம் உங்க ஊருக்கு மட்டும் எப்பிடித்தான் வருதோ!”

ஜெயம் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், பஸ்ஸில் அலையக் கூடாதென்று கோவிந்தம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அத்தோடு ஊசி நின்றது. அப்போதாவது தையல்நாயகி வாயைத் திறந்திருக்கலாம். கொஞ்ச மாதம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெட்கங்கெட்ட சமாதானம்.

வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு முகையூர் போனவள், மகளைப் பார்த்ததும் திக்கென்று நின்றாள். காலெல்லாம் வீக்கம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சிரைத்தது. வளையல் அடுக்கி முடிப்பதற்குள் ஜெயத்தின் உதடு நீலம் பாரித்துவிட்டது. மருமகன் சீனுவாசன் கார் பிடித்துவர, விழுப்புரத்துக்கு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா ஜெயத்தின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

“நெஞ்சுல ஒரு சத்தம் கேக்குதும்மா. ரத்தம் ரொம்பக் கம்மியா இருந்தாலும் இப்பிடிக் கேக்கும். சின்ன வயசுல முட்டி வீங்கி ஜுரம் வந்துச்சா? இருதயக் கோளாறு எதுனா இருந்துச்சா?”

கோவிந்தம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

“இல்லீங்க, நல்லாத்தான் இருந்தா” என்றாள் தையல்நாயகி.

ஜெயம் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருக்கப் பழக்கியதே அம்மாதானே.

“அப்ப ரத்தம் ஏத்திடலாம். இருதயம் கெட்டிருந்தா ஏத்தறது ஆபத்து, அதான் கேட்டேன்.”

நர்ஸ் நரம்பு தேடுவதற்காகக் கண்ணாடி வளையல்களைக் கழற்றினாள், கழலாததை உடைத்தாள். ரத்த பாட்டில் மேலே தொங்கியது. அப்போதும் தையல்நாயகிக்கு வாய் வரவில்லை. சம்பந்தியின் முகம் எப்படி மாறும் என்பதையே நினைத்துக்கொண்டு நின்றாள். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? பின்னாளில் அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் தையல்நாயகி கத்தினாள். “வேணாங்க, ஏத்தாதீங்க!”

முட்டி வீக்கம், வால்வு, ஊசி, இல்லாத பண்டிகைகள், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். டாக்டரம்மா திட்டக்கூட நேரமில்லாமல் பாட்டிலை இறக்கச் சொன்னாள்.

வைத்தியம் மாறியது. பத்தாம் நாள், குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை கிலோகூட இல்லை. பால் இழுத்துக் குடிக்கத் தெம்பில்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. ஜெயம் பிழைத்தாள். மெட்ராஸில் வால்வுக்கு ஆபரேஷன் செய்யாமல் இன்னொரு பிள்ளை கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பத்து நாளும் கோவிந்தம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. தையல்நாயகியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வராந்தாவில் அவள் எதிரில் போய் நின்றாள். “நாலு வார்த்தை திட்டிடுங்க சம்பந்தி” என்றாள்.

“சொல்லியிருந்தா உங்க ஊட்ல பொண்ணு எடுத்திருக்க மாட்டேன். அது நெஜந்தான்” என்றாள் கோவிந்தம்மாள். “ஆனா கட்டிக்கினு வந்தப்புறமாச்சும் என் காதுல போட்டிருக்கலாமில்ல? மூச்சு வாங்குது அத்தேன்னு அந்தப் பொண்ணு சொல்றப்பல்லாம், சோம்பேறின்னு ஏசி கொல்லைக்கு மல்லாட்டைச் செடி புடுங்க அனுப்பிக்கினு இருந்தனே. புள்ளதாச்சிய.”

மருமகளை வதைத்தவள் என்று ஊர் தன்னைச் சொல்லும் என்பதற்காக அல்ல, வதைத்துவிட்டோமே என்றுதான் அவள் அழுதாள். இரண்டு வருடமாக இவளுக்குப் பயந்தா அத்தனை பொய்யும் சொன்னோம் என்று நினைத்த தையல்நாயகி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.