ஆட்டுக்கு அப்பா கொடுத்த குரல்

வகுப்பில் எல்லாரும் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்கு என்று புரிந்த பிறகுதான் வாய் நின்றது.

மலேசியாவில், ஈப்போ பழைய டவுனில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மேல்மாடியில், வியாழக்கிழமை மாலைகளில் ஆங்கில வகுப்பு. நான் மருந்துக்கடையில் அலமாரி அடுக்குகிறேன். ஆங்கிலம் பேச வந்தால் கவுண்டரில் நிற்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பேச வராதோ என்ற பயத்தில் வீட்டுப்பாடத்தை மட்டும் ஒழுங்காக எழுதிவிடுவேன். அந்த வாரம் கிளென் சார் கொடுத்தது இது: சின்ன வயதில் பார்த்த, விலங்குகள் பேசுகிற படம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு விலங்குக்கு, படம் சொல்லாத பழைய வாழ்க்கை ஒன்றை நாமே கற்பனை செய்து எழுத வேண்டும்.

எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட படம் ஒன்றே ஒன்றுதான். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் அப்பா பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிவந்த விசிடி. வெள்ளத்தில் பண்ணையை விட்டு அடித்துச் செல்லப்பட்ட ஒரு நாயும் வாத்தும் வெள்ளாடும் வீடு திரும்பும் கதை. விசிடி பெட்டி கெட்டுப்போன பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. வாத்துக்கு ஒரு வாழ்க்கை எழுதினேன். ஏன் ஆட்டை எடுக்கவில்லை என்று கடைசியில் காரணமும் எழுதினேன். 'ஆட்டின் பழைய வாழ்க்கை படத்திலேயே வருகிறது. இந்தப் பண்ணைக்கு வருவதற்கு முன்னால் அதற்கு ஒரு குட்டி இருந்தது. அதைக் கடலோரத்தில் வேறு மந்தையில் விட்டுவிட்டு வந்தது. அதனால்தான் குன்றில் ஏறி நின்று தூரத்தைப் பார்க்கிறது.'

கிளென் சார் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"துளசி, இந்தப் படத்த நானும் பார்த்திருக்கேன். ஆட்டுக்குக் குட்டியா? எந்த சீன்லா?"

"குன்று மேல ஏறிப் பேசுமே சார். மெதுவா மியூசிக் வரும்."

அவர் இணையத்தில் தேடி எடுத்து வெண்திரையில் போட்டார். ஆடு குன்றில் ஏறியது. அதே காற்று, அதே இசை. ஆடு வாயைத் திறந்தது. இந்த முறை அது சொன்னது எனக்குப் புரிந்தது. பண்ணைக்காரரின் புதுத் தொப்பியில் உப்பே இல்லையாம், பழைய தொப்பிதான் தின்ன ருசியாக இருந்ததாம்.

பெட்ரீசியா மேசையைத் தட்டிச் சிரித்தாள். "ஏய் துளசி, ஒனக்கு யாருலா இத மொழிபெயர்த்தது?"

"எங்கப்பா."

"பெரிய ஆளுதான் ஒங்கப்பா! தொப்பிய குட்டியாக்கிட்டாரு."

அப்போதுதான் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அப்பாதான் எல்லா விலங்குக்கும் தமிழில் குரல் கொடுப்பார். நாய்க்குத் தோட்டத்தில் வேலை வாங்கும் கிராணி போல அதட்டும் குரல். வாத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாப்பா அக்காவின் மூக்குக் குரல். ஆட்டுக்கு மட்டும் குரலை மாற்ற மாட்டார், கொஞ்சம் இறக்கிக்கொள்வார். நான் தரையில் படுத்திருப்பேன். அம்மா எனக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். அப்பா படத்தைப் புரிந்துகொண்டுதான் சொல்கிறார் என்று இருபத்து நான்கு வயது வரை நம்பியிருந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள் இருக்க முடியுமா என்று வகுப்பு முடிந்து நடந்தபோது நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் அடுக்காமல் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, ஆடு என்னென்ன சொன்னது என்று நினைவுக்கு வந்த வரிசையில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஆடு வேறு வேறாகப் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்காக நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

"போன தடவ இப்புடிச் சொல்லலியே!"

"அது ஆடும்மா. மறந்து மறந்து ஞாபகம் வரும்" என்பார் அப்பா.

நான் நாலு வயதில் பாலர்பள்ளிக்குப் போனபோது ஆடு சொன்னது: என் குட்டிக்கு முன்பல் ரெண்டும் விழுந்துட்டுது, சிரிச்சா ஓட்டை தெரியுது. எனக்கு அம்மை போட்டிருந்த வருடம்: குட்டி படகு நிக்கிற ஜெட்டியில வழுக்கி விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டுது, கட்டு போட்டிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல. அன்றைக்கு அம்மா அடுப்பில் வைத்த சோறு கரிந்துபோனது. நான் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு படித்தபோது: குட்டி பெரிய மனுஷி ஆயிட்டுது. அதற்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆடு எப்படி மனுஷி ஆகும்?

எழுதி முடித்து மேலிருந்து படித்துப் பார்த்தேன். குட்டி வளர்ந்துகொண்டே வந்திருந்தது. என்னைவிட மூன்று வயது மூத்ததாக, ஒழுங்காக, ஒரு வருடம்கூடப் பிசகாமல் வளர்ந்திருந்தது. கதை சொல்கிறவர் இவ்வளவு கணக்காகச் சொல்ல மாட்டார். அதுவும் என் அப்பா, என் பிறந்தநாளையே மறந்துவிடுவார்.

கடலோரம் என்றதும் வேறு எதுவும் தோன்றவில்லை. அப்பா ஹுத்தான் மெலிந்தாங் என்ற மீன்பிடி ஊரிலிருந்து ஈப்போவுக்கு மீன் லோரி ஓட்டியவர்.

அவருக்குக் கெலிண்டானாக, உதவியாளாக, லோரியில் கூடவே போன சீனி மாமா இப்போது மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறார். மறுநாள் வேலைக்குப் போகும் முன் அவரிடம் போனேன். சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகக் கேட்டுவிட்டேன்.

"மாமா, ஹுத்தான் மெலிந்தாங்ல அப்பாவுக்கு ஒரு பொண்ணு இருக்கா?"

கத்தி பலகையிலேயே நின்றது. "யாரு சொன்னா ஒனக்கு?"

ஆடு என்று எப்படிச் சொல்வது?

"நான் ஒரு நாளும் ஒங்கப்பாகிட்ட கேட்டதில்லம்மா" என்றார். "ஜெட்டி பக்கத்துல அந்தோணிமுத்துன்னு ஒருத்தர் வீடு. மீன் ஏத்துனதும் அங்க லோரிய நிப்பாட்டுவாரு. எறங்க மாட்டாரு. அந்த வீட்டுல வளந்த புள்ள ஷார்மேன் வெளிய வந்தா ஒரு பிஸ்கோத்து டின்ன நீட்டுவாரு, நல்லா படிக்கிறியான்னு கேப்பாரு, அவ்ளோதான். அப்புறம் ஈப்போ வர்ற வரைக்கும் வாய் தொறக்க மாட்டாரு. அவரு புள்ளதான்னு நானா நெனச்சுக்கிட்டேன். அந்த மூஞ்சி அப்படியே ஒன் மூஞ்சிலா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"கல்யாணம் ஆகி சித்தியவான்ல இருக்கு. புள்ளத்தாச்சியா இருக்குன்னு அந்தோணிமுத்து போன மாசம் சொன்னாரு." பிறகு மெதுவாக, "அம்மாகிட்ட போயி ஒளறிடாத பாப்பா. இந்த வயசுல தாங்க மாட்டாங்க" என்றார்.

அன்று மருந்துக்கடையில் இருமல் மருந்தை வயிற்று மருந்து வரிசையில் அடுக்கிவிட்டுத் திட்டு வாங்கினேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்பதைவிட அப்பா செய்ததுதான் என்னை உலுக்கியது. வேறொரு பெண்ணிடம் பெற்ற பிள்ளையின் கதையை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் காதுபடவே சொல்லியிருக்கிறார். என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே! அப்பாவை நான் குறை சொல்லி ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் இறந்த இந்த இரண்டு வருடமாக அவர் படத்துக்குப் பூ வைக்காமல் வேலைக்குப் போனதில்லை. அம்மாவுக்கு இது தெரியவே கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவை என்னால் ஒரு வாரம்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கதம்பத்தை என்னிடம் நீட்டினார். "அப்பாவுக்குப் போட்டுட்டு வெளக்க ஏத்து."

"நீங்களே போடுங்க."

"ஏன், கை நோவுதா?"

"அவருக்கு எதுக்கும்மா பூ?"

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அம்மா என்னையே பார்த்தார். "என்னாடி ஆச்சு? கடையில யாராச்சும் எதும் சொன்னாங்களா?"

"அந்த விசிடி படத்த இங்கிலீஷ்ல பார்த்தேன். ஆட்டுக்குக் குட்டியே இல்லம்மா. அது தொப்பியப் பத்திப் பேசுது."

கதம்பம் பிடித்திருந்த அம்மாவின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"சீனி மாமாவையும் பார்த்தேன். ஹுத்தான் மெலிந்தாங்ல அப்பாவுக்கு ஒரு பொண்ணு இருக்கு. ஒங்கள வச்சுக்கிட்டே, ஒங்க முன்னாலயே அவரு..." மேலே சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன்.

"அவரப் பேசாத" என்றார் அம்மா. கதம்பத்தை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தார். "அது அவரு புள்ள இல்ல துளசி. என் புள்ள."

ஷார்மேனுக்கு என் முகம் என்று சீனி மாமா சொன்னார். என்னைப் பார்க்கிற எல்லாரும் அம்மாவை உரித்து வைத்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அப்பாவின் சாயல் என்னிடம் ஒரு துளியும் கிடையாது. இதை மீன் பலகை முன்னாலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அம்மா நின்றபடியே சொன்னார், உட்காரச் சொன்னதை அவர் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஹாஸ்டல் வாசம். கட்டிக்கொள்கிறேன் என்றவன் காணாமல் போனான். மாதா கோயில் சிஸ்டர் ஒருவர் மூலமாக, பிள்ளையில்லாத அந்தோணிமுத்து வீட்டுக்குக் குழந்தை போனது. அப்பா பெண் கேட்டு வந்தபோது அம்மா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டார்.

"சரின்னாரு. ஆனா எனக்கு பயம். நாளைக்கு ஒரு சண்ட வந்தா இத எடுத்துச் சொல்லிக் காட்டுவாருன்னு. முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போயி, இந்தப் பேச்ச உங்க வாயால எடுக்கக் கூடாதுன்னு கேட்டேன். சூடம் அடிச்சு சத்தியம் பண்ணாரு." அம்மா கண்ணைத் துடைத்தார். "கடைசி வரைக்கும் அவரு எடுக்கலடி. ஆடுதான் எடுத்துச்சு."

அம்மா மேலே சொல்லிக்கொண்டே போனார்.

"கேமரன் மலைக்குக் காய்கறி லோரி ஓட்டிக்கிட்டிருந்தவரு. அத விட்டுட்டு மொதலாளி தவுக்கேகிட்ட மீன் லோரிய கேட்டு வாங்குனாரு. ஏன்னு எனக்குப் புரியல. அப்புறம் ஒரு நாளு அந்த ஆடு, என் குட்டிக்கு முன்பல் விழுந்துட்டுதுன்னுச்சு. வெங்காயத்த உரிச்சுக்கிட்டே இருந்தேன். கண்ணுல தண்ணி வந்தா யாரும் கேக்க மாட்டாங்கல்ல?"

ஆடு பெரிய மனுஷி ஆனது நினைவுக்கு வந்தது. மறுநாள் வீட்டில் உளுத்தங்களி. எங்கள் வீட்டில் யாரும் வயதுக்கு வரவில்லையே, யாருக்குக் களி என்று கேட்டேன். ஒனக்குத்தான், இடுப்புக்கு நல்லது என்று அம்மா உருண்டை பிடித்து என் வாயில் வைத்தார். என் அக்காவுக்குக் கிண்டிய களியை நான் தின்றிருக்கிறேன்.

"பெட்டி கெட்ட பிறகும் நீ தூங்குனதும் ஆடு பேசும். அவரு போனதுலேருந்து அதுவும் பேசல" என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்குத் தெரியாத செய்தி என்னிடம் இருக்கிறது. வாயைத் திறந்தேன், வரவில்லை. அப்பா ஏன் ஆட்டைப் பிடித்தார் என்பது எனக்குப் புரிந்தது.

கைத்தொலைபேசியில் படத்தைத் தேடி எடுத்து, அரிசி டின்னில் சாய்த்து வைத்தேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. தானாகவே போய் வெங்காயக் கூடையை எடுத்துவந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆடு குன்றில் ஏறியது. நான் சத்தத்தைக் குறைத்தேன். எனக்கு அப்பாவின் குரல் வராது. வராவிட்டால் என்ன என்று குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன்.

"என் குட்டி சித்தியவான்ல இருக்கு. கல்யாணம் ஆயிட்டுது. அதுக்கும் ஒரு குட்டி வரப் போவுது."

பின்னால் வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை. ஆடு இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தது, தொப்பியைப் பற்றித்தான்.

இத்தனை வருடத்தில் அம்மா ஆட்டோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. இப்போது கேட்டார்.

"எத்தன மாசமாம்?"

எனக்குத் தெரியாது. சீனி மாமா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தெரியலம்மா" என்றது ஆடு. "நாளைக்கு பஸ் ஏறி, பாத்துட்டு வந்து சொல்றேன்."