காலி வண்டியின் எடை

...அப்படியானால் நான் கழித்ததெல்லாம் யாரிடமிருந்து கழிந்தது, என்னிடமிருந்து என்றுதானே நினைத்தேன், ஸ்கேன் அறையை விட்டு வந்து இந்த நீள பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் டாக்டரம்மாவின் குரல்தான் காதில் ஓடுகிறது, "குழந்தை வளர வேண்டிய அளவுக்கு வளரலம்மா, ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" நான் தலையாட்டினேன், பொய் சொல்ல என் தலைக்குச் சொல்லித்தரவா வேண்டும்... லாரி எடை மேடையில் வேலை எனக்கு, சரக்கோடு ஒரு முறை, இறக்கிய பிறகு காலி வண்டியாக ஒரு முறை, கழித்தால் சரக்கின் எடை, வண்டி எப்படித் துருப்பிடித்துக் கிடந்தாலும் சரக்கு சரக்குதான், அந்தக் கணக்கையே என் வயிற்றுக்கும் போட்டேன், வண்டி இளைத்தால் சரக்குக்கு என்ன வந்தது என்று. "உங்க உடம்புக்கு எடை ரொம்ப ஏறக்கூடாது, சர்க்கரை வந்துடும்," என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொன்னார், நான் ஏறவே விடவில்லை. பயம், வேறென்ன? அக்காவும் என்னைப் போலக் கனத்த உடம்புக்காரிதான், அவள் ரத்தத்தில் சர்க்கரை ஏற, அது பிள்ளைக்கும் போய் அவன் உள்ளேயே பெருத்து, பிறக்கும்போது தோள் சிக்கி... இன்றும் சட்டை போட இடது கையைத் தூக்க முடியாது அவனுக்கு. அதனால் வாயைக் கட்டினேன், வயிற்றைக் கட்டினேன். அம்மாவோ, "ரெண்டு உயிருக்கும் சேத்து சாப்பிடுடி," என்று டப்பாவை அழுத்தி அழுத்தி நிரப்புவாள், நான் அதை யார்டு நாய்க்குக் கொட்டுவேன், "உன்ன விட அந்த நாய்தாம்மா மாசமா இருக்கிற மாதிரி இருக்கு," என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேனே, என் பிள்ளையின் பங்கைக் கொட்டிவிட்டு நானும் சேர்ந்து சிரித்தேனே, பாவி.

"வாங்கம்மா, எடை பாத்துடலாம்," என்கிறாள் நர்ஸ், இத்தனை நாளும் செருப்பைக் கழற்றி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஏறுவேன், முள் நகராவிட்டால் ஜெயித்த மாதிரி இருக்கும், இன்று நகரேன், கொஞ்சமாவது நகரேன் என்று மனசு கெஞ்சுகிறது... இனி சாப்பிடுவேன், ஆனால் எவ்வளவு, கூடினால் அக்கா பிள்ளையின் தோள், குறைந்தால் இது, நடுவில் எங்கே நிற்பது? "என்னம்மா, பையும் செருப்புமாவா ஏறுவாங்க?" அப்போதுதான் பார்க்கிறேன், தோளில் பை, உள்ளே அம்மாவின் டப்பா. சரக்கு கூடுதலாகக் காட்ட வேண்டும் என்று சில டிரைவர்கள் சீட்டை விட்டு இறங்கமாட்டார்கள், ஜன்னலிலிருந்து கத்துவேன், "இறங்குண்ணே, யார ஏமாத்துற?" என்று... பையை இறக்கினேன், செருப்பை விட்டேன், முள் பின்னால் போய்ப் பழைய இடத்திலேயே நின்றது. உள்ளே ஒரு சின்ன உதை, பசியா, விளையாட்டா, தெரியவில்லை, வண்டி வேறு சரக்கு வேறு என்று யார் சொன்னது, நான் சாப்பிட்டதுதான் அது, சாப்பிடாமல் விட்டதும் அதுதான். "சிஸ்டர்..." என்றேன், அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிள்ளை தேறி வளர இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை.