இரண்டு செர்வரும் ஒரு ஜீப்பும்

வாலிபால் நெட் வாங்குவதற்கே மூன்று கமிட்டி கூடிய கிளப் எங்கள் அமரவிளை உதயம் ஆர்ட்ஸ் அண்டு ஸ்போர்ட்ஸ் கிளப். அதற்கு 1999இல் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்க லினக்ஸ் என்ற சிஸ்டமும் போட்டார்கள். சும்மா விட்டுவைப்பார்களா?

ஆண்டு விழாவுக்கு ஜீப்பில் அறிவிப்புச் சொல்ல, கிளப் உறுப்பினர் பிரேமகுமாரி வருடா வருடம் கேட்பாள். "பொம்பளப்பிள்ள ஜீப்பில ஏறி ஊரு சுத்தவா?" என்று தலைவர் பொன்னப்பன் சார் வருடா வருடம் மறுப்பார். இந்த முறை கம்ப்யூட்டர் வழிவிட்டது. குரலைப் பதிவுசெய்து கேசட்டில் ஏற்றினால் போதும், அவள் ஜீப்பில் ஏற வேண்டியதில்லை. விழாவுக்கு முந்தின நாள் மதியமே வந்து மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சொல்ல வேண்டியதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பதிவு தொடங்கவில்லை. சவுண்ட் கார்டு வேறு வேலையில் இருக்கிறது என்றது திரை.

சவுண்ட் செர்வர் என்பது சவுண்ட் கார்டின் வாசலில் நிற்கும் ஆள். மற்ற புரோகிராம்கள் அவனிடம் சொல்லித்தான் சத்தம் போட முடியும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட இரண்டு பையன்களில் அகிலேஷ், ஈஎஸ்டி என்ற செர்வரை அந்த வாசலில் காவலுக்கு வைத்திருந்தான். திரையில் ஒரு ஜன்னல் திறந்தால் 'டிங்' என்று கேட்பதில் அவனுக்கு அவ்வளவு இன்பம். ரெக்கார்டிங்குக்கு ஆர்ட்ஸ் என்ற செர்வர்தான் லாயக்கு என்றான் மற்றவன், ரெனில். எது டீஃபால்ட் என்று வாக்கெடுப்பு வைத்தார் பொன்னப்பன் சார். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தானாக எடுத்துக்கொள்வதுதான் டீஃபால்ட். யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்த வழக்கமே எங்கள் ஊரில் இல்லாததால் ஒருவருக்கும் அது விளங்கவில்லை.

அகிலேஷ் அதியன்னூர்க்காரன் என்பதால் அதியன்னூர்க்காரர்கள் ஈஎஸ்டிக்குக் கை தூக்கினார்கள். பாறசாலைக்காரர்கள் அதற்காகவே ஆர்ட்ஸுக்குத் தூக்கினார்கள். சமம்.

"ஆருக்கும் பிணக்கம் வேண்டாம். ரெண்டையும் போடு," என்றார் தலைவர்.

போட்டார்கள். ஒன்று கார்டைப் பிடித்துக்கொண்டது, மற்றது திரை நிறையப் புகார் எழுதியது.

"சாரே, நான் பேசதுக்கு இதில ஏதாவது ஒண்ணு வேணுமா?" என்று கேட்டாள் பிரேமகுமாரி.

"அது டெக்னிக்கல் காரியமாக்கும் மக்கா. நீ அங்க இரி." உடனே ஒரு சப்-கமிட்டி அமைக்கப்பட்டது.

ஜீப் டிரைவர் சுயம்பு வாசலில் வந்து நின்றார். "கேசட்டு உண்டா, இல்லியா?"

"போன வருசத்து கேசட்டு உண்டுல்லா, அதப் போடும் ஓய்," என்றார் தலைவர்.

அந்தக் கேசட்டில் இருந்தது போன வருடத் தேதி. அதில் பெயர் சொல்லியிருந்த சிறப்பு விருந்தினர் மார்ச் மாதம் இறந்துபோயிருந்தார். பிரேமகுமாரிக்கு அழுகை முட்டியது, அதற்குமேல் ஆத்திரம். மைக்கைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"செத்தவர நீங்க கூப்பிடுங்க. உயிரோட உள்ளவங்கள நான் போய் கூப்பிடுதேன்."

அவள் வெளியேறியதைச் சுயம்பு தவிர ஒருவரும் கவனிக்கவில்லை. சப்-கமிட்டிக்குக் கன்வீனர் யார் என்பதில் எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஹைவேயிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. மலையாளத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, தேதி தப்பாமல், பெயர் தப்பாமல். அவ்வளவு ஆத்திரத்திலும் பிரேமகுமாரியின் குரல் பிசிறவில்லை. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஜீப் கிளப்பை நெருங்க நெருங்க உள்ளே பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காமல் போனது.

பொன்னப்பன் சார் எரிச்சலோடு மேசையைத் தட்டினார்.

"எலே, ஆராவது அந்த ஜன்னல அடையுங்க. இஞ்ச சவுண்டப் பத்தி மீட்டிங் நடக்குதுல்லா."