பின்வளவில் மூத்த தாரம்

நான் என் கணவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பின்வளவில் நிற்கிறாள். ஜப்பானிய மேப்பிள், ஒன்பது அடி உயரம், வயது இருபதுக்கு மேல். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு மரத்தோடு புருஷனைப் பங்கு போட்டவர்களுக்குத்தான் என் பாடு தெரியும்.

விஷயம் இதுதான். என் கணவர் கேதீஸ்வரனுடைய சாதகத்தில் முதல் மனைவி தங்கமாட்டாள் என்று இருந்தது. ஊரில் இதற்குப் பரிகாரம் சுலபம். வாழைக்குத் தாலி கட்டி, கட்டிய கையோடு அதை வெட்டிச் சாய்த்துவிட்டால் முதல் மனைவி போய்ச் சேர்ந்ததாகிவிடும். பிறகு வருகிறவளுக்கு ஆயுசு கெட்டி. ஆனால் மாப்பிள்ளை மெல்பேர்னில் பொறியியலாளர். அந்தக் குளிரில் அவருடைய வளவில் வாழை நிற்கவில்லை. “அங்கே நிற்கிற மரம் எதுவானாலும் சரி, காய்க்காததாக இருந்தால் இன்னும் நல்லது” என்று சாதகம் பார்த்த எங்கள் ஊர்க் கொக்குவில் சாத்திரியார் எயர்மெயிலில் எழுதிவிட்டார்.

1975 ஐப்பசியில், கிளென் வேவர்லி வீட்டின் பின்வளவில், மஞ்சள் பூசிய நூலை மேப்பிளின் கழுத்தில் கட்டினார் இவர். கழுத்து என்றால் முதல் கிளை பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. யோகேஸ்வரன் என்ற நண்பர் எவர்சில்வர் தட்டில் தட்டி மேளம் வாசித்தாராம். மார்கழியில் ஊருக்கு வந்து என் கழுத்தில் கட்டினார். மரத்தை வெட்டியாகிவிட்டது என்று என் ஐயாவிடம் சத்தியம் பண்ணியவரும் இவர்தான்.

மாசியில் நான் வந்து இறங்கினேன். மறுநாள் காலை தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்ப் பின்கதவைத் திறந்தால், மஞ்சள் கயிற்றோடு அவள் நிற்கிறாள்.

“இஞ்சேருங்கோ, உது என்ன?”

“மேப்பிள்.”

“உதின்ரை கழுத்திலை?”

இவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

“மரம் அரியிற வாளை எடுத்துக்கொண்டு போனனான், கலா. கை வரேல்லை.”

“ஏன் வரேல்லை?”

“இரண்டு வருசமா வேலையாலை வந்து நான் உதோடைதானே கதைச்சனான். தமிழிலை கதைக்க வேறை ஆர் இருந்தது?”

யோகேஸ்வரன் இருந்தாரே என்றேன். அவருக்குத் தன் கதையைச் சொல்லவே நேரம் போதாது என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் எரிச்சலைவிடப் பயம் பெரிது. எனக்குச் சாவுக்குப் பயம், அதை ஒளிக்க மாட்டேன். அன்றே சாத்திரியாருக்கு எழுதிப் போட்டேன். மூன்று கிழமையில் பதில் வந்தது. மூத்தவள் அந்தப் பந்தத்தில் இருந்தால் இளையவள் மூன்று வருடம் தாங்க மாட்டாள். அன்றைக்கே வெட்டியிருந்தால் பரிகாரம், இனி வெட்டினால் கொலை. வேறு வழி தெரிந்தால் தனக்கும் அறியத் தரவும் என்று முடித்திருந்தார்.

வழியைக் கண்டுபிடித்தவர் யோகேஸ்வரன். ஒரு வழக்கறிஞரிடம் பத்திரம் எழுதும் லிகிதராக இருந்ததால் அவருக்குச் சட்டம் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்த ஜனவரியில்தான் நாட்டில் புதிய விவாகரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. பன்னிரண்டு மாதம் பிரிந்து இருந்தால் போதும், அதுவும் ஒரே வளவுக்குள் இருந்தாலும் குற்றமில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இவருக்கும் மரத்துக்கும் விவாகரத்துப் பத்திரம் எழுதினார். கணவன் பின்வளவில் கால் வைக்கக்கூடாது, தண்ணீர் விடக்கூடாது, கதைக்கக்கூடாது.

“பிள்ளையள் இருக்கோ?” என்று யோகேஸ்வரன் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்.

இவர் தயங்கினார். மரத்தடியில் மூன்று கன்றுகள் முளைத்திருந்தன.

“அது நான் கட்டுறதுக்கு முந்தியே முளைச்சது” என்றார்.

சாத்திரியாரும் ஒப்புதல் தந்தார். அந்தத் தேசத்து மரத்துக்கு அந்தத் தேசத்துச் சட்டம் செல்லும் என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: பிரிந்திருக்கும் காலத்தில் மூத்தவள் பட்டுப்போனால் பழி இளையவளைச் சேரும். ஆகவே என் சக்களத்தியை ஒரு வருடம் சாகவிடாமல் பார்ப்பது என் தலையில் விழுந்தது.

நான் வங்கியில் வேலை பார்த்தவள். எனக்கு மரம் என்றால் நிழல், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு டொறீன் வேலிக்கு மேலால் சொல்லித் தந்தாள். இதன் வேர் மேலாலே ஓடுகிறது, கொத்தாதே. தினமும் தெளிக்காதே, கிழமைக்கு இரண்டு முறை ஆழமாக விடு. மரப்பட்டைத் தூளை அடியில் பரப்பு, ஆனால் தண்டில் முட்டவிடாதே. நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். புருஷன் மண்வெட்டியைத் தொடாமல் உள்ளே கதிரையில் பேப்பர் படிக்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் புல் வெட்டுவதைப் பார்த்து டொறீன் என்ன நினைத்தாளோ. பிரிந்து இருக்கிறார்கள் என்று நான் விளக்கினேன். யார் என்று அவள் கேட்கவில்லை.

வைகாசியில் இலை எல்லாம் இரத்தச் சிவப்பாகி, ஒரே கிழமையில் கொட்டிவிட்டது. இலையுதிர்காலம் என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். ஆனால் சுற்றி நிற்கிற யூக்கலிப்டஸ் ஒன்றும் உதிரவில்லையே! பழி வந்துவிட்டது என்று ஓடிப்போய், ஒரு சுள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை. நிலத்தில் குந்தி அழுதேன். என் உயிர் தப்பியதற்காக என்று இவருக்குச் சொன்னேன்.

பின்னேரத்தில் வேலையால் வந்ததும் இவர் கேட்பது ஒன்றுதான்.

“இண்டைக்கு எப்பிடி?”

“ஆர், நானோ?”

“இல்லை, அது.”

சொல்லுவேன். ஆடியில் குறுக்கே ஓடிய கிளைகளைக் கழித்தது, புரட்டாதியில் துளிர் வந்தது, எல்லாம் சொல்லுவேன். கேட்டுவிட்டுப் பேப்பரை விரிப்பார். பகல் முழுக்க ஒரு சனம் இல்லாத வீட்டில் நானும் அவளோடு கதைக்கத் தொடங்கியிருந்தேன். முதலில் ஏச்சு. பிறகு பேருந்தில் ஒருத்தி என்னை விலத்தித் தள்ளி உட்கார்ந்தது, அம்மாவின் கடிதம், எனக்குப் பிடிக்காத இவருடைய இருமல். அவள் நல்ல மாதிரி, குறுக்கே பேசமாட்டாள்.

கார்த்திகையில் டொறீன் நூலைக் கண்டுபிடித்தாள். தண்டு பருத்து நூல் பட்டைக்குள் இறங்குகிறது, அறுக்காவிட்டால் கழுத்து நெரியும் என்றாள். அறுத்தால் பன்னிரண்டு மாதத் தவணை முடியுமுன் தாலி அறுத்த பாவம். முடிச்சை அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்தி, நானே திரும்பக் கட்டினேன். என் சக்களத்திக்கு என் கையாலே மூன்று முடிச்சு.

தை அங்கே நடுக்கோடை. வடக்குக் காற்று அடுப்பு வாயைத் திறந்தது போல அடித்தது. இலை நுனிகள் கருகத் தொடங்கின. சாக்குப் போதாமல் என் நீல வொயில் சேலையை நனைத்து அவளுக்குச் சுற்றிவிட்டேன். குசினி யன்னலால் பார்த்தவர், “வடிவா இருக்கு” என்றார். அந்தச் சேலையை நான் உடுத்தபோது ஒருநாளும் சொல்லாதவர்.

1977 பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை பன்னிரண்டு மாதம் முடிந்தது. இவர் முழுகி, வேட்டி கட்டி, குசினிக் கத்தரிக்கோலோடு பின்வளவில் இறங்கினார். நான் வாசலில் நின்றேன். போனார், ஒரு வெட்டு, நூல் கையில் வந்தது. அதைக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

“சரி, முடிஞ்சுது. இனி வெறும் மரம்தானே. தறிச்சுப்போட்டு காருக்கு ஒரு கொட்டில் போடுவம்.”

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உயிர் தப்பிவிட்டது, புருஷனும் முழுதாக எனக்கு. நானோ வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“இரண்டு வருசம் உங்கடை கதையெல்லாம் கேட்டவள் அவள்” என்றேன்.

“நீர்தானே பிரியச் சொன்னனீர்?”

“ஓம், சொன்னனான். இவ்வளவு லேசாப் போகுமெண்டு நினைக்கேல்லை. பன்னிரண்டு மாசம் காணாட்டி என்னையும் வாளியிலை போட்டிட்டுக் கொட்டில் கட்டுவியளோ?”

நான் கதவை அடித்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

“முதல் அவளிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. பிறகு உள்ளை வரலாம்” என்று யன்னலால் கத்தினேன்.

தலையைச் சொறிந்தார். பிறகு மரத்தடிக்குப் போய் ஏதோ முணுமுணுத்தார். சரி, கேட்டுவிட்டார் என்று நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். இவர் திரும்பவில்லை. பட்டைத்தூளின் மேல் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். கை ஆட்டிக் கதைக்கிறார். ஒரு தரம் சிரித்தார், ஒரு தரம் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். ஒரு வருடமாக எனக்கு முன்னால் பேப்பர் படித்த மனிதர்.

அரை மணித்தியாலம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கதவைத் திறந்து, “போதும், உள்ளை வாங்கோ, தேத்தண்ணி ஆறுது!” என்றேன்.

“கொஞ்சம் பொறும், கலா” என்றார், என் பக்கம் திரும்பாமலே. “உம்மைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”