நான்காம் சோழி கொடுத்த விளக்கம்

அநியாயம் நடந்தது நான்காம் சோழிக்கு. அதன் ஓட்டைக் கழற்றி, வார்டன் உலகம்மை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

தூத்துக்குடிக் கடலோரத்தில் இருந்த அந்த மகளிர் விடுதியில் யாருக்கு எந்த அறை என்பதை நான்கு சோழிகள்தான் தீர்மானிக்கும். மூன்று வெறும் ஓடுகள். நான்காவதற்குள் நத்தை இன்னும் குடியிருந்தது. ஆறு வருட சர்வீஸ். இந்த முறை கடல் பார்த்த அறைக்காக வார்டன் உருட்டியபோது மூன்று சோழிகள் ஒழுங்காக விழுந்தன. நான்காவது மட்டும் கவிழவும் இல்லை, மல்லாரவும் இல்லை, ஒருக்களித்து நின்றுவிட்டது. ஒழுங்கீனம் என்று அன்றே சஸ்பெண்டு.

மூன்றாம் ஆண்டு விலங்கியல் படித்த ஜெனோவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடில்லாத நத்தையை ஒரு டம்ளர் கடல்நீரில் விட்டு, மானம் காக்கத் தன் ஜிமிக்கி ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டாள். ஜிமிக்கிக்குள் சுருண்டுகொண்ட நத்தை, நடக்கும்போதெல்லாம் கிணுகிணுத்தது. ஆனாலும் நாளுக்கு நாள் இளைத்தது. வெள்ளிக்கிழமைக்கு மேல் தாங்காது. ஒற்றை ஜிமிக்கியோடு வார்டனிடம் போய் நின்றாள்.

“ஓடு விடுதிச் சொத்துட்டி,” என்றார் உலகம்மை.

“அது தானா வளத்துக்கிட்டது மேடம். உங்க எலும்பை யாராவது பீரோவுல பூட்டி வச்சா எப்படி நடப்பீங்க?”

“லீவு எழுதிக் கொடுத்துட்டு நடக்காம இருப்பேன்.”

“சரி, பீரோவைத் திறந்து பாருங்க. ஓடு மங்கியிருக்கும். தன் சதையாலேயே போர்த்திப் போர்த்தி அதுதான் மெருகு ஏத்துது. நீங்க ஒருநாள் ஏத்திப் பாருங்களேன்.”

மங்கித்தான் இருந்தது. தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்துப் பார்த்த உலகம்மை, “வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிரும்ட்டி,” என்றார். “ஏன் ஒருக்களிச்சு நின்னுச்சுன்னு எழுத்துல விளக்கம் வாங்கிட்டு வா.”

தன் பிசினால் ஒரு வரி எழுத நத்தைக்கு இரண்டு நாள் பிடித்தது: ‘கடல் கூப்பிட்டது, திரும்பிப் பார்த்தேன்.’

முறைப்படி சரிபார்க்க வேண்டுமென்று உலகம்மை கடலுக்கே கடிதம் போட்டார். வெள்ளிக்கிழமை காலை, நனைந்த உறையில் பதில் வந்தது. படித்துவிட்டு ஓட்டை எடுத்துக் கொடுத்தார். நத்தை ஜிமிக்கியை டம்ளரின் அடியில் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுக்குள் புகுந்தது. மாலைக்குள் மினுங்கத் தொடங்கியது. ஜிமிக்கியை ஈரத்தோடு காதில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ஜெனோவா அந்தப் பதிலை வாங்கிப் படித்தாள்.

‘கூப்பிட்டது உண்மை. என்னைப் பார்த்திருக்கும் அந்த அறையை எனக்குக் கேட்கத்தான். திங்கட்கிழமை வருகிறேன். சாவியைக் கதவிலேயே விட்டுவைக்கவும்.’