எட்டு பார் இடைவெளி

பதினெட்டு வருடம் என்னோடு குப்பை கொட்டிய இசை மென்பொருள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் புகைந்து போய்ப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தேன். அதில் இந்த மென்பொருள் ஓடாது, இதைச் செய்த கம்பெனியே கடையை மூடிவிட்டது என்று ரிப்பேர்காரர் சொன்னார்.

"வேற ஏதாவது போட்டுக்குங்க மேடம். மார்க்கெட்ல நூறு இருக்கு" என்றார். நூறு இருப்பதுதான் பிரச்சினை என்று அவரிடம் யார் சொல்வது.

என் வேலை காத்திருப்பு இசை. ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தால், சிறிது நேரம் காத்திருங்கள் என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போய்விடுவாள் அல்லவா, அதற்குப் பிறகு ஓடுகிற இசையைச் செய்வது நான். அதை யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. எப்போது நிற்கும் என்றுதான் கேட்கிறார்கள். ஊரையே கடுப்பேற்றிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று என் தங்கை சொல்வாள். அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். நாற்பதைத் தொடப்போகிறாள், இரண்டு பிள்ளைகள், இன்னும் வாலுதான். வேறு நாட்டில் இருக்கிறாள். அவளும் இசைதான் செய்கிறாள், உடற்பயிற்சி வீடியோக்களுக்கு. என் இசையில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் இசையில் குதிக்கிறார்கள். நான் தனியாக இருக்கிறேன்.

எங்கள் ஆபீசில் ஒலிப்பதிவு செய்கிறவருக்கு டெசிபல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பக்கத்து மேசையில் பேனா கேட்டால் மூன்று அறை தள்ளிக் கேட்கும்.

"கண்ண மூடிக்கிட்டு சாம்பல வாங்குங்க மேடம்" என்றார். "இங்க எல்லாரும் அதான் வச்சிருக்கோம். நாளைக்கு ஒரு சந்தேகம்னா கூப்பிடுங்க, நான் இருக்கேன்."

சாம்பல் என்பது அந்த மென்பொருளின் பெயரல்ல, திரையின் நிறம். பெயர்கள் எல்லாம் எனக்கு வாயில் நுழைவதில்லை. பார்த்தவை மொத்தம் மூன்று: சாம்பல், பச்சை, ஆரஞ்சு. பச்சை இலவசம். பாதிப் பாட்டில் தானாகவே மூடிக்கொண்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கே தூக்கிக் கடாசினேன். சாம்பலை ஒரு வாரம் சோதனைக்குப் போட்டுப் பார்த்தேன். கைக்கு ஒத்து வந்தது. சுரம் எழுதுகிற இடத்தில் சுரம் எழுத முடிந்தது, சத்தத்தைக் குறைக்கிற இடத்தில் குறைக்க முடிந்தது. இரண்டாம் நாளே ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு மூன்று நிமிட இசை முடித்துக் கொடுத்தேன். வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாலு கூப்பிட்டாள். அவள் எப்போதும் சமைத்துக்கொண்டேதான் பேசுவாள். போனை எதிலாவது சாய்த்து வைத்துவிடுவாள், எனக்கு அவள் வீட்டுக் கூரையும் அவளது ஒரு காதும் தெரியும். நானும் அந்தக் காதோடு பேசப் பழகிவிட்டேன்.

"சாம்பலா? அது பேங்க் மாதிரி இருக்கும்க்கா. ஆரஞ்சு வாங்கேன்" என்றாள்.

"ஆரஞ்சுல அப்படி என்னடி இருக்கு?"

"நான் இருக்கேன்ல. ஒரே ஃபைல நீயும் தொறக்கலாம், நானும் தொறக்கலாம். முன்ன மாதிரி சேர்ந்து ஒண்ணு பண்ணலாம்."

நான் பதில் சொல்வதற்குள் சின்னவன் எதையோ கொட்டிவிட்டான். அப்புறம் பேசறேன்க்கா என்று வைத்துவிட்டாள். சேர்ந்து பண்ணலாம் என்றது, கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தாமல் சொன்ன வார்த்தை. எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்ன மாதிரி என்று அவள் சொன்னது எதை என்று நான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர், எனக்கும் அவளுக்குமாக ஒரு ஹெட்போன். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவள் கல்லூரியில் இருந்தாள். காலையில் நான் உட்கார்வேன், மாலையில் அவள். யார் பாட்டை ஆரம்பித்தாலும் நடுவில் எட்டு பார் காலியாக விட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒருமுறை எண்ணினால் ஒரு பார். அப்படி எட்டுத் தடவை எண்ணுகிற நேரத்துக்கு ஒரு சத்தமும் இருக்காது. அடுத்தவள் அதை நிரப்ப வேண்டும். எங்கே விட்டிருக்கிறேன் என்று சொல்லக்கூடாது, என்ன போடட்டும் என்று கேட்கக்கூடாது. அதைப் பற்றி வாயைத் திறந்தாலே ஆட்டம் முடிந்தது.

அந்த எட்டு பாரில் அவள் என்னை மாட்டிவிடாத நாள் இல்லை. ஒருமுறை அம்மா மூக்கைச் சிந்துகிற சத்தத்தைப் பதிவு செய்து தாளமாகப் போட்டிருந்தாள். இன்னொருமுறை சுருதியையே மாற்றிவிட்டுப் போய்விட்டாள், நான் திரும்பி வர வழி தெரியாமல் இரண்டு நாள் முழித்தேன். நேரில் நாங்கள் துண்டுக்கும் சீப்புக்கும் அடித்துக்கொண்டதுதான் அதிகம். அவள் ஒருவனை விரும்புகிறாள் என்பதுகூட எனக்கு அந்த எட்டு பாரில்தான் தெரிந்தது. அவ்வளவு வழியலாக ஒரு மெட்டு போட்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கு முந்தின மாதம் கடைசியாக ஒன்று செய்தோம். பன்னிரண்டு வருடம் ஆகிறது.

ஆரஞ்சைப் போட்டேன்.

அது எனக்கு ஆகவே ஆகாது. திறந்தவுடன் டமடம என்று ஏதோ ஒன்று தானாகவே அடிக்கிறது. நான் ஒரு சுரம் வைத்தால் அதைப் பதினாறாகப் பெருக்கிக் காட்டுகிறது. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நேராக எழுதுகிற ஆள் நான். இதில் துண்டு துண்டாகச் செய்து பிறகு அடுக்க வேண்டுமாம். மூன்று நாள் தலை கால் புரியவில்லை. பொத்தானைத் தேடுவதிலேயே மாலைகள் போயின. டெசிபலிடம் கேட்டால், "எனக்கு ஆரஞ்சு பத்தி ஒண்ணுமே தெரியாது மேடம், ஏன் இந்த விஷப்பரீட்சை?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு மெட்டு வந்தது. காத்திருப்பு இசை அல்ல. யாரையும் எங்கேயும் உட்கார வைக்காத மெட்டு. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, எனக்குள் இன்னும் அப்படி ஒன்று இருக்கிறதே என்று. மொத்தம் தொண்ணூற்றாறு பார் எழுதினேன். நடுவில், மெட்டு மேலே ஏறி அடுத்து என்ன என்று நிற்கிற இடத்தில், எட்டு பாரைக் காலியாக விட்டேன். அவள் இறங்கி வருவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அப்போதுதான் சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தேன். சோதனைப் பதிப்பில் பாட்டைச் சேமிக்கலாம். ஆனால் ஒருமுறை மூடிவிட்டால், மென்பொருளை வாங்கும்வரை அதைத் திருப்பித் திறக்க முடியாது. வாலுவிடம் இருப்பது முழுப் பதிப்பு, அவள் திறந்துவிடுவாள். எனக்குத்தான் மூடினால் போயிற்று.

வாங்கிவிட்டால் முடிந்தது. ஆனால் இவ்வளவு பிடிக்காத ஒன்றை எந்த நம்பிக்கையில் வாங்குவது? அவள் அந்த எட்டு பாரை நிரப்பி அனுப்பட்டும், அன்றைக்கே ஆரஞ்சை வாங்குவேன், சாகும்வரை அதிலேயே கிடப்பேன். அனுப்பவில்லை என்றால் சாம்பல். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபைலை அவளுக்கு அனுப்பினேன். "ஆரஞ்சில் ஒன்று செய்தேன், பார்" என்று மட்டும் எழுதினேன். காலி இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எப்படி எழுதுவது? அதுதானே ஆட்டம்.

கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. ஒன்பது நாள் அப்படியே ஓடியது. தவறிக் கை பட்டுவிடக்கூடாது என்று "அணைக்காதே" என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி சுவிட்சின் மேல் ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் யோசித்தேன், இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்தி, இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று. சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

மூன்றாம் நாள் இன்னொரு கூத்து. அந்த வாரம் மின்தடை உண்டா என்று தெரிந்துகொள்ள மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். காத்திருங்கள் என்றார்கள். என் இசையே ஓடியது, நாலு வருடத்துக்கு முன்னால் செய்தது. பன்னிரண்டு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என்ன கண்றாவி இது என்று எனக்கே தோன்றியது. முகம் தெரியாத எத்தனை பேர் என்னைத் திட்டியிருப்பார்கள் என்று அன்றுதான் புரிந்தது. மின்தடை இல்லை என்றார்கள்.

ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்ப்பேன். ஃபைல் வந்திருக்காது. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் கூப்பிடவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று ஒரு வரி எழுதியிருந்தாள். என் மெட்டைப் போட்டுக் கேட்பேன். அது ஏறிப்போய் நிற்கும். எட்டு பார் மௌனம். அந்த மௌனத்தில் அவள் என்ன செய்வாள் என்று நானே யோசித்துப் பார்ப்பேன். அவள் பிள்ளைகளின் சத்தத்தைப் போடுவாளோ. இல்லை, என்னைக் கிண்டலடிக்கக் காத்திருங்கள் என்று ஒரு குரலைப் போடுவாளோ. ஒவ்வொன்றாக நினைத்து நானே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாள் அவள் இல்லாமல் எப்படி இருந்தேன் என்றுகூட நினைத்தேன். அது பொய். இருந்தேன், ஆனால் நன்றாக இல்லை.

பத்தாம் நாள், சனிக்கிழமை காலை, ஃபைல் வந்தது. "அக்கா, சூப்பரா இருக்கு. கொஞ்சம் சரிபண்ணி முடிச்சுட்டேன், கேளு" என்று எழுதியிருந்தாள்.

அவள் அனுப்பியதைத் திறக்க வேண்டும் என்றால் ஆரஞ்சை வாங்க வேண்டும். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வாங்கினேன். வாங்கியதும் வந்த பதிவு எண்ணை அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூடித் திற என்றது. மூடினேன். திறந்தது. சுவிட்சில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் ஃபைலை ஓடவிட்டேன். மெட்டு தொடங்கியது. தாளத்தை அழகாகத் திருத்தியிருந்தாள். கீழே மெல்லிய வயலின் ஒன்று சேர்த்திருந்தாள். மெட்டு ஏறியது, ஏறியது, உச்சிக்குப் போனது. நான் கண்ணை மூடினேன்.

மெட்டு நிற்கவில்லை. மேலே போன வேகத்தில் அப்படியே நான் எழுதிய அடுத்த பகுதிக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி போட்டேன். அவளுடைய இடத்தை எங்கோ தவறவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு திரையில் பார்த்தேன். மொத்தம் எண்பத்தெட்டு பார்.

அவளைக் கூப்பிட்டேன். இந்த முறை முகம் தெரிந்தது, தலைக்குக் குளித்து ஈரமாக இருந்தாள்.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன். வயலின் நல்லா இருந்துச்சுடி."

"நல்லா இருக்குல்ல? அப்புறம் நடுவுல ஒரு எடத்துல பெரிய கேப் இருந்துச்சு. துண்டுங்கள அடுக்கும்போது தள்ளி வச்சுட்டபோல. ஆரஞ்சுல புதுசா வர்றவங்க எல்லாருக்கும் அது நடக்கும். நான் எடுத்துட்டு ஒட்டிட்டேன்."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்டல் செய்கிறாளா என்று தேடினேன். அவளுக்குக் கிண்டல் வந்தால் முதலில் இடது புருவம் ஏறும். ஏறவில்லை. அவளுக்கு நினைவே இல்லை.

"ஆமாடி" என்றேன். "தெரியாம விட்டுட்டேன்."

"பரவால்லக்கா, பழகிடும். ஆமா, எத வாங்கினே கடைசில?"

"ஆரஞ்சுதான்."

"வாங்கியே வாங்கிட்டியா? நான் ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன்க்கா. உனக்கு சாம்பல் வசதியா இருந்தா அதயே வாங்கியிருக்கலாமே."

"இல்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றேன். பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போக நேரமாகிவிட்டது என்றாள். சரி போ என்றேன்.

அவள் மேல் கோபப்பட முயன்றேன். சாதாரணமாக எனக்கு அது ஒரு வேலையே இல்லை. அன்று வரவில்லை. தவறு என்று அவள் எதைச் செய்தாள்? அக்கா தடுமாறியிருக்கிறாள் என்று நினைத்துக் கை கொடுத்திருக்கிறாள்.

பாட்டை இன்னொரு தடவை முழுதாகக் கேட்டேன். எங்கே வெட்டி ஒட்டினாள் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த எட்டு பார் இல்லாமல் பாட்டு நன்றாக இருந்தது. முன்பைவிட நன்றாகவே இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதேன்.