முதலிடத்தில் ஒரு பெரட்டு

சிரிப்பு வரவில்லை. நேற்றுவரை வந்ததே. நான் எழுதிய வரிதானே, எனக்கே ஏன் படிக்க வரமாட்டேன் என்கிறது?

தினேஸ்வரி காரின் கண்ணாடியை இறக்கினாள், உடனே ஏற்றினாள். ஈப்போ வெயிலில், ஏர்கோனை அணைத்துவிட்டுச் சாத்திய காருக்குள்தான் அவர்களுடைய குரல் பதிவு. வீட்டில் என்றால் பக்கத்து வீட்டு நாய்கள் விடாது. அவள் எழுதிப் பேசுவாள். பக்கத்து சீட்டில் இருக்கும் ஜெயபாலன் படத்தை வெட்டி ஒட்டுவான். வீடியோ கேம்களைக் கிண்டலடித்து, பத்திலிருந்து ஒன்றுவரை இறங்கி வரும் வீடியோக்கள். இன்றைக்கு, 'ஆரம்பமே அறுவையான பத்து கேம்கள்'. முதலிடம் மட்டும்தான் பாக்கி.

அது சிலிம் ரிவர் ஊரில் குமுதா என்ற பெண் தனியாளாகச் செய்த கேம். ரப்பர் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டு, வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு. ஆட்கள் வரிசையில் நிற்க, கணக்கு எழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். நம் ஆளின் பேர் மட்டும் வராது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் கிராணி முதல் பேருக்கே திரும்பிவிடுவார். ஜெயபாலன் பட்டன்களைப் போட்டு அடிப்பதையும் கிராணியின் அசையாத முகத்தையும் பார்த்தால் யாருக்கும் சிரித்தே வயிறு வலிக்கும்.

இன்று காலை தினேஸ்வரி அதை ஓடவிட்டுவிட்டுத் தோசை சாப்பிட்டாள். கையெல்லாம் சாம்பார், எதையும் தொடவில்லை. கிராணி அவள் ஆளின் பேரைக் கூப்பிட்டார். தோட்டம் திறந்தது. அசையாமல் நின்றால்தான் பேர் வரும் என்று அந்தப் பெண் வேண்டுமென்றே செய்திருக்கிறாள். அதைக் கண்ட நேரத்திலிருந்து தினேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாழ்க்கை முழுக்கத் தானும் பட்டன்களை அடித்துக்கொண்டேதான் இருக்கிறோமோ என்று ஒரு எரிச்சல்.

"அண்ணே, அது கோளாறு இல்ல. நாமதான் தப்பா விளையாடியிருக்கோம்."

"தெரியும்லா, நீ காலையில அனுப்புன மெசேஜ பார்த்தேன். அதுக்கென்ன? எவன் அம்புட்டு நேரம் சும்மா நிப்பான்? நீயே சிவப்பு லைட்டுல ஒழுங்கா நிக்க மாட்ட."

அது உண்மைதான்.

"அவளுக்கு இது முதல் கேம். நம்ம வீடியோவ பார்த்துட்டு யாரும் தொடக்கூட மாட்டாங்க."

"இல்லாட்டி மட்டும் வரிசையில நிக்கப் போறாங்களா? ஜோக்குதானே தினேஸ். நீ எழுதுனதுதான். படிச்சிட்டு வா, மீ கோரெங் சாப்பிடப் போலாம்."

மைக்கை நீட்டினான். அவள் வாங்கி, ஆஃப் செய்து, அவன் மடியில் வைத்தாள்.

"இத நான் படிக்கல அண்ணே," என்றாள்.